வேர்க்குரு

சீமைக்குப் படிக்கப் போகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கப்பலேறிவிட முடியாது. அதற்கு முன்னால் அவன் கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் காட்சி கொடுத்தாக வேண்டும். என் அண்ணன் அந்தக் கோடை விடுமுறையில் அதைத்தான் செய்தான். சென்னையில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தான். மேற்கொண்டு அறுவை சிகிச்சை படிக்க எடின்பரோவுக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் தெருவுக்கு எடின்பரோவெல்லாம் தெரியாது. கடல் தாண்டினால் லண்டன்தான். அப்பா கொஞ்ச நாள் ஒவ்வொருவரையும் திருத்திப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் அவரும் லண்டன் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

யுத்தத்துக்கு முந்திய காலம் அது. ஆரப்பாளையத்தில் வைகைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு இருந்தது. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. அம்மா எழுமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால்தான் அவன் டாக்டராகிவிட்ட வயதில் நான் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு தம்பி, மூன்று வயது. நான் பள்ளிக்கூடம் போகிறவள், விவரம் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. தம்பிக்கு அப்படி எந்த நினைப்பும் கிடையாது. அண்ணன் எங்கே இருக்கிறானோ அங்கே அவன் இருப்பான்.

அண்ணன் சீமைக்கென்று புது பூட்ஸ் வாங்கியிருந்தான். அதைப் போட்டு நடந்து பழக வேண்டும் என்று தினமும் முற்றத்தைச் சுற்றி டக் டக்கென்று நடப்பான். தம்பி அப்பாவின் பழைய செருப்பில் காலை விட்டுக்கொண்டு பின்னாலேயே இழுத்து இழுத்து நடப்பான். கத்தியாலும் முள்கரண்டியாலும் சாப்பிடுவதற்கும் ஒத்திகை நடந்தது. தோசையை வெட்டி முள்ளில் குத்துவதற்குள் தம்பி அந்தத் துண்டைக் கையால் எடுத்துத் தின்றுவிடுவான். "தொரை, இது ஒனக்கே நல்லா இருக்காடா?" என்று அண்ணன் கேட்பான். அவனுக்கு அண்ணன் வைத்த பேர் தொரை. சாமி கையை எதற்குக் கொடுத்திருக்கிறது என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

வீட்டில் ஒரு டாக்டர் சும்மா இருக்கிறான் என்றால் தெரு சும்மா இருக்குமா? காலையில் கதவைத் திறந்தால் நாக்கை நீட்டிக்கொண்டு யாராவது நிற்பார்கள். அண்ணன் சலிக்காமல் பார்ப்பான். பார்த்தவுடனே சொல்லிவிடுவான், அது அவனுக்கு ஒரு பெருமை. ஒருநாள் மாடி ஜன்னலில் நின்றபடியே, தெருவில் போன வெற்றிலைக் கடைக்காரரைக் காட்டி, "அந்த ஆளுக்கு மஞ்சக்காமாலை வந்திருக்கு" என்றான். அவர் வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடந்து போனார். அந்த வாரம் முடிவதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு மகனுடைய கண் என்றால் சாமியுடைய கண் மாதிரி. போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்த வெற்றிலைக் கடைக்காரர் கதையைச் சொல்லி முடிப்பாள்.

அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பெரியம்மை வராமல் இருக்க அம்மை குத்துவது. முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெருமுனையில் சத்தம் கேட்டால் அம்மா எங்கள் இரண்டு பேரையும் காலி நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாள். பழைய உமி மூக்கில் ஏறும். நான் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே அம்மா, பிள்ளைகள் எழுமலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கூசாமல் சொல்வாள். ஆத்தா தானாக வந்தால் வரட்டும், நாம் ஊசியால் குத்தி அவளைக் கூப்பிடுவது பாவம் என்பது அம்மாவின் கட்சி. அண்ணன் வந்த புதிதில், "ரெண்டு பேருக்கும் குத்திருவோம்மா, ஒண்ணும் ஆகாது" என்று ஆரம்பித்தான். அம்மா அழுதாள். கடல் தாண்டிப் போகிற பிள்ளை ஆத்தாளைப் பகைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். லீவுக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று அண்ணன் விட்டுவிட்டான்.

அம்மாவின் ஆத்தா சட்டம் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆத்தா ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் வாசலில் வேப்பிலை கட்டிவிட வேண்டும். மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றி அவளை அனுப்புகிற வரைக்கும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, விருந்தாளி வரக்கூடாது. உள்ளே இருக்கிற யாரும் பயணம் கிளம்பக்கூடாது. கிளம்பினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், படுத்திருக்கிற பிள்ளையைக் கொண்டு போய்விடுவாள். அம்மாவுக்கு இது பயமுறுத்தல் இல்லை. தெப்பக்குளத்து மாரியம்மன் அவளுக்கு எழுமலை மாமா மாதிரி, அப்பா மாதிரி, நிஜமாக உயிரோடு இருக்கிற ஓர் ஆள்.

அண்ணனின் பயணமோ தள்ளிவைக்க முடியாத பயணம். ஏதோ ஒரு ஜமீன் தர்மத்திலிருந்து வருஷத்துக்கு ஒருவனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைப்பார்கள். அந்த வருஷம் அண்ணன். அவன் அந்தக் கப்பலில் ஏறாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் அண்ணனோடு படித்தவன்தான், பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். தனுஷ்கோடி ரயிலில் போய், கடல் தாண்டி, கொழும்பில் கப்பலேற வேண்டும். நடுவில் மண்டபத்தில் சர்க்கார் டாக்டர் நிற்பார். அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறான் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்.

சீமைக்குப் போகிறவன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டுமல்லவா? அதற்காக எங்களையும் கூட்டிக்கொண்டு அண்ணன் சுற்றினான். ஒத்தக்கடையில் அத்தை வீட்டில் ஒரு நேரம், எழுமலையில் மாமா வீட்டில் இரண்டு நாள். தம்பி அண்ணன் தோளை விட்டு இறங்கவில்லை. எழுமலையில் சில வாசல்களில் வேப்பிலை கட்டியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்திரை மாதத்தில் அது புதிதில்லை என்பதால் யாரும் அதைப் பேசவில்லை. மாமா வீட்டில் தம்பியை வாங்கிக் கொஞ்சாதவர்கள் கிடையாது. தெருவில் போகிறவர்கள்கூட உள்ளே வந்து அவனைத் தூக்கினார்கள்.

ஊர் திரும்பி ரொம்ப நாள் ஆகவில்லை, பயண நாள் நெருங்கிவிட்ட சமயத்தில், தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அனலாய்க் கொதித்தான். முதுகு வலிக்கிறது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். அண்ணன் கஷாயமும் மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தான். பிறகு ஒருநாள் காலையில் அம்மா ஈரத்துணியால் தம்பியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். நெற்றியிலும் மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொடிப் பருக்கள் தெரிந்தன. அம்மா வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். "பெரியவனே, இங்கன வா ராசா. இவனக் கொஞ்சம் பாரேன்" என்று அண்ணனைக் கூப்பிட்டாள். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அண்ணன் தம்பியைத் தூக்கி முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி உருட்டிப் பார்த்தான். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தான். பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் நெற்றிக்கு வந்தான். மாடியிலிருந்தே மஞ்சள் காமாலையைக் கண்டுபிடித்தவனுக்கு, மடியில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்ல அவ்வளவு நேரமா என்று எனக்கு அலுப்பாகக்கூட இருந்தது. அண்ணன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் கட்டியும் கட்டாமலும் வைத்திருந்த பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது.

"வேர்க்குருதானேப்பா?" என்று அம்மா கேட்டாள்.

அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது அம்மாதான். அதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் வேறு மாதிரி கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது.

"ஆமாம்மா. வேர்க்குருதான். வெயிலுக்கு வந்திருக்கு. சந்தனத்த அரைச்சுப் பூசி விடு."

"அம்புட்டுத்தானே? வயித்துல பால வாத்தேப்பா!" அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அண்ணன் தம்பியை அம்மா மடியில் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

அன்று மத்தியானம் எனக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அண்ணன் என்னை மட்டும் ஜட்காவில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எப்போதும் தம்பியைத்தான் தூக்கிக்கொண்டு போவான். காய்ச்சலில் கிடக்கிறவனை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அண்ணனுக்குச் சிநேகிதர். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அந்த டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தாழ்த்தி, என்னைவிடச் சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்றோ இல்லை என்றோ. அதற்கப்புறம் அவர் அண்ணனிடம் பேசவில்லை. என் சட்டைக் கையைத் தூக்கிவிட்டு, ஒரு சின்னக் கருவியைத் தோளுக்குக் கீழே வைத்து இரண்டு இடத்தில் திருகினார். நான் கத்துவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அழுகாத புள்ள. இது லண்டன் முத்திரை" என்றான் அண்ணன். "நான் திரும்பி வாரப்ப நீ பெரிய மனுசி ஆயிருப்பே. எனக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

அழுகை போன இடம் தெரியவில்லை. "தொரைக்கு?" என்று கேட்டேன்.

"தொரைக்கு வேணாம்."

ஏன் என்று கேட்டேன். அண்ணன் ஜட்காக்காரனைக் கூப்பிடப் போனான். வருகிற வழியில், இதை அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று தன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். எனக்கு அது பெரிய பாக்கியமாக இருந்தது. அண்ணனும் நானும் மட்டும் அறிந்த ரகசியம். வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் போய், அண்ணனுக்கு என்னைத்தான் அடையாளம் தெரியும், உன்னைத் தெரியாது என்று காதில் சொன்னேன். அவன் என்ன கண்டான், என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் கேட்டான்.

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தீகளா, வேர்க்குருதான். சூடு எறங்கிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். அன்றைக்குத்தான் பயண விருந்து. ஒத்தக்கடை அத்தை தன் மகளையும் கைக்குழந்தைப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எழுமலையிலிருந்து மாமா குடும்பம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெங்காயம் உரித்தார்கள். கறிக்குழம்பு, வறுவல், வடை என்று அடுப்பை விட்டு எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லை. ரசத்துக்கு அம்மா கடுகு தாளித்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்ததாக மாமா சொன்னார்.

தம்பி மடி மடியாக மாறிக்கொண்டிருந்தான். சந்தனத்துக்கு மேலே அந்தப் பொடிகள் கொஞ்சம் உப்பியிருந்தன. அத்தை அவனை வாங்கித் தன் பேத்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அவனக் கொழந்தைகிட்ட விடாதீங்க அத்தே. காச்ச கண்ட ஒடம்பு, மாடியில படுக்க வைங்க" என்றான் அண்ணன். அத்தை சிரித்தாள். "நல்ல டாக்டருப்பா! வேர்க்குரு ஒட்டிக்கவா போகுது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மாடிக்குப் போய்விட்டான். பந்திக்கு அவனைக் கீழே கூட்டிவர அப்பா இரண்டு தடவை ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

சாயங்காலம் ரயில். அண்ணன் கோட்டும் பூட்ஸும் போட்டு இறங்கி வந்தான். அம்மா நெற்றியில் விபூதி பூசினாள். தம்பி அத்தை மடியிலிருந்து இறங்கித் தள்ளாடி நடந்து வந்து, அண்ணனின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு, "தூக்கு, தூக்கு" என்றான். அண்ணன் குனிந்தான். "விடுறா, அண்ணன் கோட்டு கசங்கிரும்" என்று அப்பா தம்பியை விலக்கி எடுத்தார். அண்ணன் நினைத்திருந்தால் கோட்டாவது மண்ணாவது என்று தூக்கியிருக்கலாம். நிமிர்ந்துவிட்டான். "போயிட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொன்னான். ஜட்கா திரும்புகிற வரைக்கும் தம்பி அப்பாவின் தோளில் அழுதுகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகத்தான் என்னால் சொல்ல முடியும். பொடிகள் நீர் கோத்து முத்தாகின. முகத்தில் இடம் இல்லாமல் போட்டது. கண் மூடிக்கொண்டது. விருந்துக்கு வந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அம்மா வெளியே போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் கட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய் கடுகு டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். "தெரியாமச் செஞ்சுட்டேன் தாயே" என்று தரையில் விழுந்து கும்பிட்டாள். ஆத்தா உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்போது எண்ணெய் காயவைத்தாள், கடுகு வெடிக்கவிட்டாள், பந்தி போட்டாள், பிள்ளையைப் பயணம் அனுப்பினாள். சட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் மீறிவிட்டாள்.

என்னைத் தம்பி பக்கத்தில் விடவில்லை. நான் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். வாழையிலையில் கிடந்தான். முதல் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட அவன் இருக்கவில்லை. கப்பல் ஏடனைத் தாண்டியிருக்கும் என்று அப்பா யாரிடமோ சொன்ன அன்றைக்கு அவனைக் கொண்டுபோய் வைகைக் கரையில் புதைத்தார்கள். அடுத்த மாதம் ஒத்தக்கடை அத்தையின் பேத்தியும் போய்விட்டது. துக்கத்துக்குப் போன அம்மாவை அத்தை வாசலிலேயே நிறுத்தி, "வேர்க்குருன்னு சொன்னீகளே மதினி" என்று கேட்டாளாம். அம்மா என் மகன்தான் சொன்னான் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாமப் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அண்ணன் மேல் அம்மாவுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. படித்தவன் கண்ணையே ஆத்தா மறைத்துவிட்டாள், தன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் மறைத்தாள், தான்தான் சோதனையில் தோற்றுப்போனோம் என்பது அவள் கண்ட முடிவு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. குழம்பு, ரசம், பொரியல் எதிலும் கடுகு கிடையாது, எண்ணெயில் எதையும் வதக்குவது கிடையாது. தீபாவளிக்குக்கூடச் சட்டி வைக்கவில்லை. அப்பா கொஞ்ச காலம் கோர்ட்டுப் பக்கம் காப்பி கிளப்பில் வடை தின்றுவிட்டு வந்தார், பிறகு அதையும் விட்டுவிட்டார். அம்மா சாகிற வரைக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடு அவித்த சாப்பாடுதான்.

என் கையில் இருந்த புண் சில வாரம் கழித்து அவள் கண்ணில் பட்டது. தலைக்கு ஊற்றும்போது பார்த்துவிட்டாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவளோ அந்த இரண்டு வடுவையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒனக்கும் வந்திருக்கா. ரெண்டே முத்தப் போட்டுட்டு, பொழச்சுப் போன்னு விட்டுட்டா" என்று சொல்லி ஈரத் தலையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

எனக்கு விஷயம் விளங்க இருபது வருஷம் ஆயிற்று. என் மகளுக்கு அம்மை குத்தக் கூட்டிப்போன இடத்தில் அந்த டாக்டரம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்கு உடனே குத்திவிட வேண்டும், அப்போதும் காப்பாற்றிவிடலாம், வந்தவருக்குக் குத்திப் பிரயோஜனம் இல்லை. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். முற்றத்து வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் அவன் என்ன பார்த்தான், அந்தச் சிநேகிதர் கையைத் தாழ்த்தி யாரைக் கேட்டார், எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. அவன் சொல்லியிருந்தாலும் தம்பி பிழைத்திருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தையின் பேத்தி பிழைத்திருக்கும். அம்மா கடுகு டப்பாவைச் சாக்கடையில் கொட்டியிருக்க மாட்டாள். அண்ணன் பெரிய சர்ஜனாகி எத்தனையோ உயிரைக் காப்பாற்றினான், ஜனங்கள் அவன் படத்தை மாட்டிக் கும்பிட்டார்கள். நான் உயிரோடு இருப்பதும் அவனால்தான். அதனாலேயே அவனை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அவன் இருந்தவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இப்போது அவனும் இல்லை.

இவ்வளவும் பின்னால் வந்த அறிவு. அண்ணன் சீமையிலிருந்து திரும்பி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, எதுவும் தெரியாது. அவன் நல்ல நிறமாகிவிட்டிருந்தான், முன் தலையில் முடி குறைந்திருந்தது. வந்த அன்றைக்கு அம்மா அவனுக்கு இலை போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். பருப்பு, அவித்த காய், அவித்த கறி. அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

அவன் கேட்காமலே அம்மா சொன்னாள். "தாளிக்கிறதில்லப்பா. ஆத்தா உள்ள இருக்குறது தெரியாம அன்னைக்கி எண்ணெச் சட்டி ஏத்துனேன்ல? அந்தப் பாவம்தான் தொரையக் கொண்டு போயிருச்சு. அத்தையோட பேத்தியையும் கொண்டு போயிருச்சு. நாந்தான் காரணம்."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா என் பக்கம் திரும்பி என் சட்டைக் கையை மேலே தூக்கிவிட்டாள். "ஆனா அவ நல்லவப்பா. இவளுக்கு ரெண்டே முத்தப் போட்டு விட்டுட்டுப் போயிட்டா, பாரு" என்று காட்டிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனாள்.

அண்ணன் என் கையையே பார்த்தான். நான் நாலு வருஷமாகக் காத்திருந்த சமயம் அது. அம்மா காதில் விழாமல், "யாருகிட்டயும் சொல்லல அண்ணே. அடையாளம் தெரியுதா?" என்று கேட்டு, ஒரு கண்ணைச் சிமிட்டினேன்.

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனான். கை கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ரசத்தோடு வந்த அம்மா இலையைப் பார்த்தாள். "நாலு வருசம் சீமைச் சாப்பாடு சாப்பிட்ட புள்ள. தாளிக்காத சோறு எப்படி எறங்கும்?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் எனக்குக் கோபம். அவ்வளவு வருஷம் அவன் ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவளைப் பார்த்து அவன் ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாம்.